தங்கபாய் கேட்டு வாங்கிய குளிமுறி

சுவாமிதாஸ் தன்னந்தனியாக வெளியே போய்ப் பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு மனிதன் கடைக்குப் போய்ப் பலகாரம் வாங்கி வந்ததற்கா வீட்டு வாடகை கூடும் என்று கேட்டால் என்ன சொல்வது? கூடியதே! பாறசாலைப் பக்கத்தில் தங்கபாய் குடியிருந்த வீட்டுக்குக் கூடியது.

சுவாமிதாசுக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே அப்படி அல்ல. சில வருஷம் முன்பு வரைக்கும் பெட்டி ஆட்டோவில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு களியக்காவிளைச் சந்தைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பறந்துகொண்டிருந்த ஆள். சர்க்கரை வியாதி வந்தபோது டாக்டர் எச்சரித்தார், மனைவி தங்கபாய் கெஞ்சினாள், மகள் ரெஜிலா அழுதாள். "இனிப்பில்லாத சாயா குடிக்கதுக்கு வெந்நி குடிக்கலாம்லா" என்று சிரித்துக்கொண்டே இருந்தவர், இரண்டு கண்ணையும் கொடுத்துவிட்டுத்தான் அடங்கினார். "கண் கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாவல்லா, அந்த ஆளு நாந்தான்" என்று அதற்கும் ஒரு தமாஷ். தமாஷ் எல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கண் தெரியாதவருக்கு எந்தப் பக்கம் திரும்பினால் என்ன? ஆனாலும் சுவர்ப்பக்கம்தான் படுத்தார்.

தங்கபாய் அழுது தீர்க்கிற சாதி இல்லை. ஆரியங்கோட்டில் இருந்த காலத்தில் ரப்பர் தோட்டத்துக் களை பறித்தாள், கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவினாள், பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு வைக்கிற வேலை கிடைத்தது. வேலை பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கு மாறியபோது, கிறிஸ்மசுக்கு முந்தி இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தார்கள். பதினோரு மாதத்துக்கு முத்திரைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

வீடு பெரிய வீடல்ல. முன்னறை, நடு அறை, பின்னறை எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசை. முன்வாசல் ரோட்டுக்கு மேலே ஏணி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கைப்பிடி இல்லாத செங்குத்துப் படிகள், கண் தெரிகிறவர்களே பார்த்துத்தான் இறங்க வேண்டும். பின்னறையில் சுவாமிதாசின் கட்டில். கட்டிலுக்கு எதிரே பின்கதவு. அதைத் திறந்தால் மேடு பள்ளம் இல்லாத முற்றம், முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு குறுகலான முடுக்கு, முடுக்கின் முனையில் செல்லசாமியின் சாயாக்கடை. கக்கூசும் குளிக்கிற மறைப்பும் முற்றத்துக் கோடியில், வெளியேதான்.

என்ன மாயமோ தெரியாது, அந்த வீடு அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒருநாள் தாகத்துக்குத் தண்ணீர் தேடி, நடு அறை மூலையிலிருந்த அடுக்களை வரைக்கும் தடவிப் போனார். இன்னொரு நாள் பின்கதவைத் திறந்து முற்றத்தில் நின்றார். தங்கபாய் பள்ளியில் சோறு வடித்துக்கொண்டிருந்த வேளைகளில் அவர் இங்கே சுவரோடு சுவராக நடந்து நடந்து அந்த வீட்டையே உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டார். அவளிடம் மூச்சு விடவில்லை. கள்ளன்!

அப்புறம்தான் அந்தப் பழம்பொரி. தங்கபாய் வேலை முடிந்து வந்து பார்த்தால் கட்டில் காலி. கிணற்றை எட்டிப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். "எனக்க கர்த்தாவே" என்று தலையில் கை வைத்தபோது முடுக்கிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு, ஒரு கை சுவரில், ஒரு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். சுவாமிதாஸ் வந்துகொண்டிருந்தார்.

"மாறி நில்லு பிள்ளே, வண்டி வருது" என்றார். "செல்லசாமிக்கக் கடையில சூடா பழம்பொரி. உனக்கு ரெண்டு. எனக்கு வேண்டாம், நான் நல்ல பிள்ளயாக்கும்."

தங்கபாய் அந்தப் பழம்பொரியைத் தின்னவில்லை, அழுதாள். அழுது தீர்க்கிற சாதி இல்லை என்று சொன்னதெல்லாம் அன்றைக்குப் பொய்யாயிற்று. பிறகு தினமும் அதுதான் அவருக்கு வேலை. செல்லசாமியின் பெஞ்சில் உட்கார்ந்து பழைய சந்தைக் கதைகளை அளந்துவிட்டுத் தானாக வீடு திரும்புவார். முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது. சட்டைக்கு இஸ்திரி கேட்டார்!

நன்றி செலுத்தாமல் இருக்க முடியுமா? அவர்கள் போய்வந்த கிறிஸ்தவச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் காய்த்த முதல் பலனை ஆராதனைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு வெளியே மரத்தடியில் ஏலம். ஒரு தேங்காய், ஒரு கோழி, ஒரு சீனிக்கிழங்குக் கூடை என்று எதுவானாலும் விலையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. பிரார்த்தனை நிறைவேறினவர்கள் மனதைப் பார்த்துக் கேட்பார்கள், பணம் ஆலயத்துக்குப் போகும். சித்திரை பிறந்த சமயம். ஒரு பெரிய வருக்கைப் பலாப்பழம், ஊர்ப்பேச்சில் சக்கை, ஏலத்துக்கு வந்தது. யாரோ ஒருவர் தொடங்கினார், தங்கபாய் கூட்டினாள். மறுபடி அவர் கூட்டினார், இவள் விடவில்லை. எதிர்த்துக் கேட்கிற குரல் யாருடையது என்பதையோ, கூட்டம் மெதுவாக அமைதியானதையோகூட அவள் கவனிக்கவில்லை. அவள் மனதில் முடுக்கும் ஹாரனும்தான் இருந்தன. "மூணு தரம்" என்று கூப்பிட்டபோது சக்கை அவளுக்கு. கல்யாணச் சமையலுக்குப் போய்ச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதிலே போயிற்று. போகட்டும், அது தெய்வத்துக்கு என்று சந்தோஷமாக இருந்தாள்.

எதிர்த்துக் கேட்டவர் யார் என்று மறுநாள் தெரிந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஞானசிகாமணி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாகப் பேசினாலே பின் சீட்டுக்குக் கேட்கும். முற்றத்தில் வந்து நின்றார்.

"தங்கபாயி, நல்ல வசதியாத்தான் இருக்கிய போல."

"எந்த வசதி அண்ணா?" என்றாள் அவள்.

"சபையில அத்தன ஆளுக்கு முன்னால சக்க பிடிச்சியே, அந்த வசதிதான். அது எந்த மரத்துச் சக்கன்னு தெரியுமா? தா, உனக்க தலைக்கு மேல நிக்கே, இந்த மரத்துச் சக்கயாக்கும். எனக்க அப்பா வச்ச மரம். வருசா வருசம் நான் கொண்டு வைப்பேன், நானே ஏலம் பிடிப்பேன். ஒருத்தரும் எதுக்கக் கேக்கமாட்டாவ. இந்த வருசம் எனக்க வாடகக்காரி பிடிச்சிட்டா. ஊரு சிரிக்குது."

புதிதாக வந்தவளுக்கு அந்தப் பழக்கம் எப்படித் தெரியும்? "அறியாமச் செய்ததாக்கும் அண்ணா, மன்னிக்கணும்" என்றாள்.

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு? தெய்வத்துக்குக் குடுக்க முடியும்னா எனக்கும் தரப் பற்றும்லா. எனக்க மகன் சஜன் கல்ஃபில இருந்த வேலையும் போய்ச் சும்மா நிக்கான். அடுத்த மாசம் முதல் வாடக கூட்டித் தரணும்." அவர் சொன்ன தொகை பழைய வாடகையின் ஒன்றரை மடங்கு.

"பதினோரு மாசத்துக்கு எழுதியிருக்கே அண்ணா, பாதிகூட ஆகல்லியே?"

"எழுதினது நம்ம ரெண்டு பேரும்தானே பிள்ளே? நாமளே மாத்தி எழுதுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ரோஷக்காரன். ரோஷக்காரனிடம் மாட்டுவதற்குக் கெட்டவனிடம் மாட்டலாம்.

ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த ரெஜிலாவுக்குப் போன் போட்டாள். மகள் படபடவென்று பொரிந்தாள். "அம்மா, பத்திரம் உண்டுல்லா? காலம் தீருகதுக்கு முன்ன ஒத்தப் பைசா கூட்டப் பற்றாது. தரமாட்டேன்னு மொகத்துக்கு நேராச் சொல்லு. வேணும்னா நான் வந்து பேசுகேன்."

"நீ வரண்டாம் மக்கா, நான் பாத்துக்கிடுகேன்" என்று போனை வைத்தாள்.

மகள் சொன்னது நியாயம்தான். நியாயம் ஐப்பசி வரைக்கும் நிற்கும். அதற்குப் பிறகு? காலம் முடிந்த மறுநாளே "இறங்கு" என்பார். மற்றவர்களுக்கு இந்த வீடு இல்லாவிட்டால் அடுத்த வீடு. சட்டி பானையைத் தூக்கி வண்டியில் போட்டால் தீர்ந்தது. சுவாமிதாசின் கால் படித்து வைத்திருப்பதை எந்த வண்டியில் ஏற்றுவது? இன்னொரு வீட்டுக்குப் போனால் மறுபடியும் கட்டில், மறுபடியும் சுவர். இந்த வீட்டை விடக்கூடாது. என்ன கொடுத்தாவது விடக்கூடாது.

அந்தச் சமயம் பார்த்துக் கோடை மழை பெய்தது. முற்றத்துப் பாசியில் வழுக்கி சுவாமிதாஸ் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். பெரிய காயமில்லை. மஞ்சள் பற்றுப் போட்டதும் மறுநாளே எழுந்து கடைக்குப் போய்விட்டார். ஆனால் தங்கபாயின் நெஞ்சில் அது முள்ளாகத் தங்கியது.

ஞானசிகாமணி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"கூட்டித் தாறேன் அண்ணா," என்றாள். "ஆனா எனக்கு ரெண்டு காரியம் வேணும். மூணு வருசத்துக்கு எங்கள இறக்கப் பற்றாது. அதப் பத்திரத்துல எழுதணும். பின்ன ஒரு குளிமுறி. கக்கூசும் குளிக்க இடமும் சேந்து, அவருக்க கட்டிலுக்குப் பக்கத்துலயே கட்டித் தரணும். மழையில வெளிய எறங்கி விழுகாரு."

ஞானசிகாமணி எழுந்து நின்றுவிட்டார். அவருக்கும் மனம் இளகியிருக்க வேண்டும்.

"இவ்வளவுதானா? கட்டித் தாறேன் பிள்ளே. சும்மா இல்ல, டைல்ஸ் போட்டே தாறேன். கண்ணில்லாத மனுசன் வெளிய எறங்கி நடக்கதெல்லாம் எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது."

தங்கபாய்க்குத் தரையில் கால் பாவவில்லை. வாடகைதானே, இரண்டு கல்யாண வீட்டுச் சமையலுக்குக் கூடுதலாகப் போனால் ஆயிற்று. வீடும் நிலைத்தது, வசதியும் வந்தது. கூட்டிக் கேட்டவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாளே, சாமர்த்தியக்காரி! அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுவாமிதாஸ் துள்ளவில்லை.

"எதுக்குட்டி இப்ப குளிமுறி? நான் போய் வாறேன்லா" என்றார்.

"விழுந்து முட்டி பேந்தது மறந்து போச்சா?"

"விழுந்தா எந்திச்சுக்கிடுவேன்."

"வாய மூடிக்கிட்டுக் கிடங்க. எல்லாம் உங்களுக்குத்தான்" என்று அதட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். எங்கே கட்டுவார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படி வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை. அதுதான் வினை.

வேலை நடக்கும்போது தூசியிலும் சிமென்டிலும் இருக்க முடியாது. பள்ளிக்கூட விடுமுறையும் வாகாக வந்தது. இரண்டு பேரும் மகள் வீட்டுக்குப் போனார்கள். மகளும் மருமகனும் தாங்கித்தான் வைத்தார்கள். ஆனால் சுவாமிதாஸ் அங்கே ஒரு நாற்காலியில் வைத்த பொட்டலம் மாதிரி இருந்தார். எழுந்தால் மேசை இடித்தது, திரும்பினால் கதவு இடித்தது. "எப்பம் போவோம்?" என்று காலையிலும் கேட்டார், சாயங்காலமும் கேட்டார். நம்ம வீட்டை விடாதது எவ்வளவு நல்லதாயிற்று என்று தங்கபாய் உள்ளுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

இடையில் ஒருநாள் வேலையைப் பார்க்கப் போனாள். பின்கதவை ஒட்டினாற்போல் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். கொத்தனார் கரண்டியும் கையுமாக எழுந்து வந்தார்.

"அம்மச்சி, குளிமுறிக்கு இந்தப் பின்கதவையே வச்சுக்கலாம். புதுசா ஒரு கதவுக்குச் சுவரு உடைக்கண்டாம். கட்டிலு இங்க, கதவு இங்க. நேரே போகலாம். போருமா?"

அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். அவர் கைக்குப் பழகின கதவு. தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று இனிமேல் ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? "போரும், போரும். அதுதான் நல்லது" என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறது என்பார்களே, முடிகிற வரைக்கும் பிடிக்கிறவனுக்கு அது பிள்ளையாராகத்தான் தெரியும்.

பள்ளி திறக்கிறதற்கு முந்தின வாரம் திரும்பி வந்தார்கள். முன்படிகளில் அவள் கையைப் பிடித்து ஏற்றினாள். வாசல் நிலையில் கை பட்டதும் சுவாமிதாஸ் அவள் கையை உதறிவிட்டார். முன்னறையைத் தாண்டினார், நடு அறையில் அலமாரிக்கு ஒதுங்கினார், பின்னறைக்குப் போய்க் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. தங்கபாய் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடுதல் வாடகை முழுசும் அந்த ஒரு சிரிப்பில் வசூலாகிவிட்டது என்று இருந்தது அவளுக்கு.

"எட்டி, நான் செல்லசாமியப் பாத்துட்டு வாறேன். எத்தன நாளாச்சு!" என்றார். நேரே பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். கதவைத் திறந்து காலை வைத்தார்.

கால் வழுவழுப்பான டைல்ஸில் பட்டது. கை சுவரைத் தேடிற்று, சுவர் கிடைத்தது. மறு கையை நீட்டினார், அங்கேயும் சுவர். முன்னால் நீட்டினார். முன்னாலும் சுவர். புது சிமென்ட் வாசம். காற்று இல்லை. கொஞ்ச நேரம் நாலு பக்கமும் தடவிக்கொண்டே நின்றார்.

"எட்டி தங்கம்," என்று கூப்பிட்டார், "வெளிய எங்க?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. கொத்தனாருக்குக் கதவைக் காட்டியபோது விளங்காதது, அந்த ஒரு கேள்வியில் இடி மாதிரி விளங்கிற்று. அவர் கதவு என்று படித்து வைத்திருந்தது கதவை அல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த முற்றத்தை, முடுக்கை, சாயாக்கடையை, நாலு மனுஷரை. அதை அடைத்துத் தரச் சொல்லி அவளே போய்க் கேட்டாள். கேட்டதோடு விட்டாளா, மூன்று வருஷத்துக்குப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டாள். ஐயோ, பாவி! "நான் நெனச்சுப் பாக்கல்ல, சத்தியமா நெனச்சுப் பாக்கல்ல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் தாழ்ப்பாளைத் தடவி அந்தக் கதவைச் சாத்தினார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை.

வேறு பக்கம் கதவு வைக்கலாமா என்று கொத்தனாரிடம் கேட்டாள். ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், மறுபக்கம் மண்மேடு, குளிமுறியின் வெளிச்சுவரை உடைக்கலாம் என்றால் அதை ஒட்டிக் கக்கூஸ் தொட்டி. வழியில்லை என்றார். அப்படியானால் முன்படி வழியாக நானே கூட்டிப் போகிறேன் என்று, பள்ளி விட்டு வந்ததும் அவரைப் பிடித்து இறக்கினாள். ஒவ்வொரு படியையும் அவர் காலால் தடவித் தேடுவார். ரோட்டில் லாரிகள் உறுமிக்கொண்டு போகும்போது ஒரு காலத்தில் வண்டி ஓட்டின மனுஷன் அவள் சேலையைப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொள்வார். சுற்றிக்கொண்டு கடைக்குப் போனால் முன்போலக் கதை பேசவும் இல்லை. மனைவி பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கும்போது யாருக்குக் கதை வரும்? சில நாள் போனார். பிறகு ஒருநாள், "வேண்டாம் பிள்ளே, உனக்கும் களைப்பு" என்றார். அவள் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்கு மெய்யாகவே களைப்பாகத்தான் இருந்தது. சமையல் வேலைக்கும் ஓட வேண்டியிருந்தது.

செல்லசாமி ஒருமுறை அவரைப் பார்க்க வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசினான். கடையில் ஆளில்லை என்று எழுந்து போனான். இப்போது சுவாமிதாஸ் குளிமுறிக்குப் போவார், வருவார், படுப்பார். சட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் ஞானசிகாமணி புது வாடகை வாங்க வந்தார். சக்கைக் கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது அவருக்கு. பின்னறை வரைக்கும் வந்து குளிமுறிக் கதவைத் திறந்து, டைல்ஸைத் தடவிப் பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்தார். பெருமை தாங்கவில்லை.

"எப்படி இருக்கு சுவாமிதாசே? இப்பம் சௌகரியம்தானே?" என்று பின் சீட்டுக்குக் கேட்கிற குரலில் கேட்டார்.

"நல்ல சௌகரியம்," என்றார் சுவாமிதாஸ், சுவர்ப்பக்கம் படுத்தபடியே. "இனி எங்கயும் போகண்டாம்லா."

"அதாக்கும் வேண்டியது!" என்று ஞானசிகாமணி மனம் நிறைந்து சிரித்தார். தங்கபாய் பக்கம் திரும்பினார். "பின்ன என்ன தங்கபாயி? குறை ஏதாவது உண்டுன்னா இப்பமே சொல்லு. செய்து தந்துட்டுத்தான் போவேன்."

தங்கபாய் வாடகைப் பணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஒரு குறையும் இல்ல அண்ணா," என்றாள். "நான் கேட்டது மாதிரியேதான் கட்டித் தந்திருக்கிய."